அப்பா எழுதிய முதல் தெலுங்கு வரி

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோரிடமும் முதலில் ஒரு மன்னிப்பைக் கேட்டுவிடுகிறேன். பெரியப்பா என்னிடம் கேட்டது இரண்டு பக்கம். "பொறந்த ஊரு, படிப்பு, வேலை, கல்யாணம், கடைசி நாளு, நன்றி. அவ்ளோதான் பாப்பா. ஜாஸ்தி இழுக்காத" என்றார். நானும் ஒழுங்காகத்தான் தொடங்கினேன். 'கல்யாணம்' என்ற இடத்துக்கு வந்ததும் அம்மாவிடம் ஒரு விவரம் கேட்கப் போனேன். அம்மா பரண் மேலிருந்து பழைய மிக்சி அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கச் சொன்னார். உள்ளே கடிதங்கள். அப்பா எழுதியவை, அம்மா எழுதியவை, இரண்டும். தனக்கு வந்த ஒன்றைக்கூட விடாமல், வடக்கே வேலை செய்த மலையிலிருந்து அப்பா திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்.

"படிச்சிட்டு எழுது. ஆனா எல்லாத்தையும் எழுதிடாத" என்றார் அம்மா.

எது எழுதலாம், எது கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதனால் இதை ஒருவிதப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்பா பர்கூருக்குப் பக்கத்தில், கல் குவாரி வெடிச் சத்தம் கேட்கிற தூரத்தில் உள்ள ஒரு கிராமத்தில் இரண்டாவது மகனாகப் பிறந்தார். பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அவருடைய தந்தையார் காலமானார். பெரியப்பா படிப்பைத் தொடர்ந்தார். அப்பா குவாரிக்குப் போனார். அதைப்பற்றி வருத்தமாக ஒரு சொல் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "நம்ம ஊரு கல்லு சொன்ன பேச்சு கேக்கும் பாப்பா. எங்க குத்தினா எப்படிப் பொளக்கும்னு முன்னாடியே சொல்லிடும்" என்பார். பொறியியல் படிக்கிற எனக்கு அதைப் பாடமாக எழுதிவைக்கத் தோன்றும். அவருக்கு அது நண்பரைப் பற்றிய பேச்சு.

குவாரியில் வேலை குறைந்தபோது, கம்ப்ரசர் டிராக்டரோடு ஊர் ஊராகக் கிணறு வெட்டப் போனார். காற்றடிக்கும் குழாயையும் பாறை துளைக்கும் மிஷினையும் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குகிற ஆள் அப்பா. அப்படி வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு தெலுங்குக் குடும்பத்தின் கிணற்றை ஆழப்படுத்த இருபது நாள் போனார். அந்த வீட்டுப் பெண்தான் அம்மா.

அம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு, பள்ளியில் படித்தது தமிழ். முதல் நாள் அப்பா கிணற்றுக்குள்ளிருந்து, "ஏங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க!" என்று கூப்பிட்டிருக்கிறார்.

மேலேயிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "நீள்ளா? கிணத்துல நின்னுக்கிட்டு மேல இருக்கறவங்ககிட்ட நீள்ளு கேக்கற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றாராம்.

"உங்க கிணத்துல இருந்தா நான் ஏன் கேக்கறேன்? இன்னும் நாலடி போவணும்."

இப்படித் தொடங்கியது. இருபது நாளில் கிணறு ஆழமானது. அப்பாவுக்குத் தெலுங்கில் நாற்பது ஐம்பது சொற்கள் சேர்ந்தன. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டுதான் பின்னால் அவ்வளவு பெரிய காரியத்தைக் கெடுத்தார். சொல்கிறேன்.

அடுத்த வருடம், பர்கூர் மேஸ்திரி ஒருவர் வடக்கே எல்லை மலையில் ரோடு போடுவதற்குப் பாறை உடைக்கத் தெரிந்த ஆட்களைத் திரட்டினார். அப்பா பெயர் கொடுத்தார். அம்மா அப்போது ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். ஓசூர் பஸ் நிலையத்தில் நின்றபடியே இருவரும் பேசியிருக்கிறார்கள். மலைக் கணவாய் பனியில் மூடிவிட்டால் ஆறு மாதத்துக்கு யாரும் இறங்க முடியாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். "மூடறதுக்கு முன்னாடி வந்துடுவேன். வந்ததும் உங்க வீட்ல பேசறேன்" என்றுவிட்டுப் போனார் அப்பா.

அந்த முகாமில் தொலைபேசி இல்லை. கடிதம் ஒன்றே வழி. வீட்டு முகவரிக்கு எழுத முடியாதே! அதனால் கம்பெனி முகவரிக்கு. கேட்டில் இருந்த வாட்ச்மேன் கன்னடக்காரர். கடிதம் வந்த நாளில் ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவைப் பார்த்து, "அக்கா, ஹிமாலய பந்து!" என்று கத்துவாராம். கன்னடத்தில் 'பந்து' என்றால் 'வந்தது'. கம்பெனி பஸ்ஸில் இருக்கிற அத்தனை பெண்களும் சிரிப்பார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பார்.

அப்பா எழுதிய கடிதங்களில் காதல் என்ற சொல்லே இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். "பேனா மை உறைஞ்சு போவுது. கக்கத்துல வெச்சு சூடு பண்ணி ரெண்டு வரி எழுதறேன், மறுபடி கக்கத்துல வெக்கறேன். அதனால இந்தக் கடுதாசி கொஞ்சம் நாறும், மன்னிச்சுக்கோ" என்று ஒன்றில். "இங்க கல்லுக்கு நேர்மை இல்ல. தொட்டா உதிருது. நம்ம ஊரு கல்லு மாதிரி நம்பி நிக்க முடியாது" என்று இன்னொன்றில். அம்மா எழுதுகிறார்: "நீங்க வெட்டின கிணத்துல ஆறு படி முழுகிடுச்சு. நீங்க நின்ன எடம் இப்ப தெரியல. எனக்கு அது புடிக்கல."

நான் எக்செல் ஷீட் போட்டேன். சிரிக்காதீர்கள். எழுதிய நாள், போய்ச் சேர்ந்த நாள், யார், எது எதற்குப் பதில் என்று நான்கு பத்தி. ஒரு கடிதம் போக மூன்று வாரம், பதில் வர மூன்று வாரம். அதாவது ஒருவர் இன்று கவலைப்பட்டால், மற்றவர் ஆறுதல் சொல்வதற்குள் அந்தக் கவலைக்கே வயதாகிவிடும். முடிவு என்னவென்று எனக்குத் தெரியும். முடிவினால்தான் நான் பிறந்தேன். ஆனாலும் அந்த ஷீட்டில் ஒரு வரியை நிரப்பும் முன்பே அடுத்த கடிதத்தின் தேதியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி வாக்கில் அம்மாவின் கடிதம் ஒன்று. வீட்டில் அவருக்குக் கல்யாணப் பேச்சு எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வெளியாள் இல்லை, தாய்மாமன் மகன். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் கணக்கர். "நம்ம விஷயத்தை நானே வீட்ல சொல்லிடட்டுமா? பதில் உடனே போடுங்க" என்று எழுதியிருக்கிறார்.

தான் ஊர் திரும்பி, நேரில் வந்து, முறையாகக் கேட்பதுதான் மரியாதை என்று அப்பா நினைத்திருக்கிறார். அம்மா தனியாகச் சொல்லி அடி வாங்க வேண்டாம், அதற்கு அவசரம் இல்லை, சில வாரம் பொறுக்கட்டும் என்பது அவர் எண்ணம். அதைத் தமிழிலேயே எழுதித் தொலைத்திருக்கலாம். ஆனால் அம்மா பயந்துபோயிருக்கிறாரே, அவருடைய பாஷையில் சொன்னால் மனதுக்கு இதமாக இருக்குமே என்று, வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு முழு வரியைத் தெலுங்கில் எழுதினார். கேட்டுச் சரிபார்க்க அந்த முகாமில் ஒரு தெலுங்குக்காரர்கூட இல்லை. தமிழ் எழுத்தில், கொட்டை கொட்டையாக, அடிக்கோடு போட்டு:

"மன மாட்ட இண்ட்லோ செப்பே அவசரம் லேது."

நம் பக்கத்து ஆட்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 'லேது' என்றால் 'இல்லை'. அதுவரை அப்பா சரி. ஆனால் தெலுங்கில் 'அவசரம்' என்றால் வேகம் அல்ல, தேவை. "நம்ம பேச்சை வீட்டில் சொல்ல அவசரம் இல்லை" என்று அப்பா எழுதியது, "நம்ம பேச்சை வீட்டில் சொல்லத் தேவையே இல்லை" என்று அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

அம்மா அதைக் கம்பெனி பஸ்ஸில் படித்தார். இறங்க வேண்டிய ஊர் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். தமிழில் எழுதியிருந்தாலாவது வேறு அர்த்தம் இருக்குமோ என்று யோசித்திருப்பாராம். "என் பாஷையிலயே, அடிக்கோடு போட்டு வேணாம்னு எழுதினா என்ன அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார், இத்தனை வருடம் கழித்தும் கொஞ்சம் கோபமாக.

ரோஷக்காரி. அழுதுகொண்டு விளக்கம் கேட்கிற ஆள் இல்லை. ஒரே வரியில் பதில் போட்டார். அதுவும் தெலுங்கில்: "மீக்கு அவசரம் லேகபோத்தே நாக்கூ அவசரம் லேது." உங்களுக்குத் தேவை இல்லை என்றால் எனக்கும் தேவை இல்லை.

மூன்று வாரம் கழித்து அது மலைமேல் போய்ச் சேர்ந்தது. அப்பா எப்படிப் படித்தார் என்பதற்கு அவருடைய அடுத்த கடிதம் சாட்சி. அவர் படித்தது: உங்களுக்கு அவசரம் இல்லை என்றால் எனக்கும் அவசரம் இல்லை. எவ்வளவு பொறுமையான பெண்! அப்படியென்றால் பனிக்காலமும் இங்கேயே இருந்து கல்யாணத்துக்குக் காசு சேர்க்கலாமே! கணவாய் மூடப்போகிறது, கடைசித் தபால் மூட்டை கிளம்பிக்கொண்டிருக்கிறது. அவசரம் அவசரமாக இரண்டே வரி எழுதிப் போட்டார்: "உன் வரியைப் படிச்சு ரொம்ப நிம்மதி ஆச்சு. பனிக்கால வேலைக்குப் பேர் குடுத்துட்டேன்."

இந்த இடத்தில் நான் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

தான் வேண்டாம் என்று எழுதியதைப் படித்து அவர் நிம்மதி அடைந்தார் என்றால், ஒரு பெண்ணுக்கு வேறு என்ன தெரிய வேண்டும்? அம்மா அன்று மாலையே வீட்டில் சம்மதம் சொன்னார். தாம்பூலம் மாற்றினார்கள். தை மாதத்தில் தேதி குறித்தார்கள். மலைமேல் அப்பா பனியை வாரிக்கொண்டு, சந்தோஷமாக, ஆறு மாதத்துக்கு அடைபட்டுக் கிடந்தார்.

இனி வருகிறவர் நம் சித்தப்பா. அம்மாவின் தாய்மாமன் மகன், அம்மாவுக்குக் குறித்த மாப்பிள்ளை. இந்த மலரை உங்கள் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

தாம்பூலம் மாற்றிய பின் ஒரு நாள், முகூர்த்தப் புடவையின் நிறம் கேட்க அவர் ஓசூருக்கு வந்திருக்கிறார். மறைத்துவைத்துக் கட்டிக்கொள்ள அம்மாவுக்கு மனம் வரவில்லை. பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து, "பாவா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேக்கணும்" என்றார். அத்தை மகன், மாமன் மகனைத் தெலுங்கில் 'பாவா' என்பார்கள்.

"கோவப்படற விஷயமா? இரு, அப்ப மொதல்ல டீ சொல்லிடறேன்."

அம்மா பையிலிருந்து அந்தத் தெலுங்கு வரிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். எல்லாம் முடிந்துபோன கதை, தெரிந்துகொண்டு கட்டிக்கொள் என்றார். சித்தப்பா வரியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"ஏமே, இவன் தெலுங்குக்காரனா?"

"இல்ல. தமிழ்."

"பின்ன ஏன் நீ இதைத் தெலுங்கா படிச்ச?"

"தெலுங்குலதானே எழுதியிருக்கு!"

"மண்ணாங்கட்டி. வார்த்தை தெலுங்கு, ஆளு தமிழு. இதே வார்த்தைல போன சீசன்ல எங்க மண்டில ஒரு லோடு மாங்கா அழுகிப்போச்சு தெரியுமா? தமிழ் வியாபாரி ஒருத்தர், லோடுக்கு அவசரம் லேதுன்னு சொல்லி அனுப்பினாரு, மெதுவா வரட்டும்னு. தோட்டக்காரரு லோடே வேணாம்னு நெனச்சு, பறிச்ச காயை அப்படியே மரத்தடியில வுட்டுட்டாரு. ரெண்டு பேரும் மண்டியில சட்டையைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. இவன் வேணாம்னு சொல்லல. பொறுன்னு சொல்றான்."

அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நான் எழுதினதை அவரு எப்படிப் படிச்சிருப்பாரு?"

சித்தப்பா அந்த வரியைக் கேட்டு, மனதுக்குள் தமிழாக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துவிட்டு, எதிரே இருப்பது தான் கட்டிக்கொள்ளப்போகிற பெண் என்பது நினைவுக்கு வந்து, சிரிப்பை நிறுத்தினார். இதைச் சித்தப்பாவே என்னிடம் சொன்னார். அங்கேயே கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "நீ படிச்சதுதான் சரி" என்று அவர் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் நேராகப் பர்கூர் மேஸ்திரியிடம் போனார். மலையடிவாரத்து ஆபீசுக்குப் போன் போகும். அங்கிருந்து மேலே முகாமுக்கு வயர்லெஸ். "இந்திக்கார ஆபரேட்டரு. பத்து வார்த்தை சொன்னா ரெண்டு போய்ச் சேந்தா பெரிசு" என்றார் மேஸ்திரி.

"அப்ப ரெண்டே சொல்லுங்க. 'அவசரம். வா.' எந்தப் பாஷைல படிச்சாலும் சரியா வரும்" என்றார் சித்தப்பா.

வரவில்லை. இந்தியில் 'அவசர்' என்றால் வாய்ப்பு என்று யாருக்குத் தெரியும்? 'வா'வை ஆபரேட்டர் 'வாஹ்' ஆக்கிவிட்டார். "உனக்கு ஊர்லேருந்து சேதி: நல்ல வாய்ப்பு, சபாஷ்!" என்று அப்பாவின் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். இந்த 'வாய்ப்பு, சபாஷ்' கதையை அப்பா எத்தனை விருந்தில் சொல்லி நம்மைச் சிரிக்கவைத்திருக்கிறார்! அது என்ன சேதி, எதற்கு வந்தது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. சபாஷ் போடுகிற அளவுக்குத் தனக்கு ஊரில் யார் வாய்ப்பு தருவார்கள் என்று இரண்டு நாள் குழம்பியிருக்கிறார். மூன்றாம் நாள் ஆபரேட்டரிடம் திரும்பப் போய், காதில் விழுந்ததை விழுந்தபடியே சொல்லச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை சொன்னபோது தமிழ் கேட்டது.

கீழே இதெல்லாம் தெரியாது. சேதி போனதா இல்லையா, அப்பா இருக்கிறாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. தேதி நெருங்கியது. அம்மாவிடம் கம்பெனிக்குப் போவதை நிறுத்தச் சொன்னார்கள், பத்திரிகை அடித்தாயிற்று. அப்போது சித்தப்பா பெரியவர்கள் முன்னால் ஒரு பொய் சொன்னார். தளியில் தான் ஒரு பெண்ணை விரும்புவதாகவும், அவளைத்தான் கட்டிக்கொள்ளப்போவதாகவும். அவருடைய தந்தையார் செருப்பைக் கழற்றியது உறவினர்கள் பலருக்கு நினைவிருக்கும். காரணம் இதுதான். தளியில் அப்படி ஒரு பெண்ணே இல்லை. பிறகு பொய்யைக் காப்பாற்றுவதற்காகவே தளிக்குப் போய்ப் பெண் தேட வேண்டியதாயிற்று. அப்படிக் கிடைத்தவர்தான் நம் சித்தி. "நான் மொதல்ல பொய்யாத்தான் இருந்தேன், அப்புறம்தான் நெஜமானேன்" என்று அவர் சொல்வது வெறும் வேடிக்கை இல்லை.

அப்பா, வானம் தெளிந்த ஒரு நாளில், ராணுவச் சுமையாட்களின் வரிசையோடு கணவாயை நடந்தே கடந்தார். மூன்று நாள். இடது காலில் இரண்டு விரல்கள் பனியில் விறைத்துப் போனது அங்கேதான். குவாரியில் கல் விழுந்து போனதாக நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நின்றுபோன கல்யாணத்தின் வசவுகளைக் கேட்டுக்கொண்டே மீண்டும் கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்த அம்மா, ஒரு மாலை ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் கத்தவில்லையாம். மெதுவாக, "அக்கா, ஹிமாலயவே பந்து" என்றாராம். இமயமலையே வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே, காலில் கட்டோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "நிம்மதின்னு ஏன் எழுதினீங்க?"

அதன் பிறகு இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அம்மா வீட்டார் ஒரு வருடம் பேசவில்லை. பிறகு பேசினார்கள், கிணறு ஒரு கோடையில் வற்றியபோது அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். விரல் போன காலோடு கிணற்றில் இறங்க அம்மா விடாததால், அப்பா மேலே நின்று ஆட்களை வைத்து வேலையை முடித்துக் கொடுத்தார். ஓசூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். என்னையும் தம்பியையும் படிக்கவைத்தார். கம்ப்ரசர் ஆட்களை எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்தி, "மூக்குல ஈரத்துணி கட்டுங்கடா" என்று சண்டை போடுவார். அவர் கட்டாத காலத்தின் கல் தூசி அவருடைய நெஞ்சுக்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசி இரண்டு வருடம் மாடிப்படி ஏற முடியவில்லை. கடைசி பதினோரு நாள் ஓசூர் மருத்துவமனையில், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு இருந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பதினோரு நாளும் மாறி மாறி வந்து துணைக்கு இருந்த ஸ்டோர் நண்பர்களுக்கு. மலருக்கான செலவை ஏற்று, இரண்டு பக்கத்தை நான் இவ்வளவாக இழுத்ததையும் பொறுத்துக்கொண்ட பெரியப்பாவுக்கு. அந்த வாட்ச்மேன் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் நன்றி சொன்னால் திட்டுவார்கள். இருந்தாலும், சித்தப்பா, அந்த டீக்கடையில் நீங்கள் உண்மையைச் சொன்னதால் இருக்கிறோம் நானும் தம்பியும். இதை அச்சில் ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, பெயர் கேட்க மறந்துபோன ஒரு நர்ஸ் அக்காவுக்கு. மாஸ்க் இருந்ததால் அப்பாவால் பேச முடியவில்லை. அவர்தான் பழைய சார்ட் தாள்களைக் கிழித்து, முதுகுப் பக்கம் எழுதிக்கொள்ளச் சொல்லி, ஒரு பேனாவும் கொடுத்தார். அப்பா அதில் அம்மாவுக்குத் தெலுங்கில்தான் எழுதினார், தமிழ் எழுத்தில், எக்கச்சக்கப் பிழையோடு. அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனாலும் அம்மா வாயால் பதில் சொல்லாமல், அதே தாளை வாங்கி, கீழே எழுதிக் கொடுத்தார்.

கடைசித் தாள் என்னிடம் இருக்கிறது. ஒரு மத்தியானம். அப்பா எழுதியிருக்கிறார்: "தின்னாவா?" தமிழில் கேட்டால் முரட்டுத்தனம், தெலுங்கில் அது 'சாப்பிட்டாயா'தான். முந்தின நாளிலிருந்து அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை. கீழே அம்மாவின் கையெழுத்து: "தின்னானு." சாப்பிட்டேன்.

அப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒற்றைச் சொல்லை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, அடிக்கோடு போட்டு எழுதினார்: "போயி தினு."

அம்மா எழுந்து கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டுத் திரும்பி வரும் வரை அப்பா இருந்தார்.